சித்தூர்லருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்ளோ தூரம்? வாசகர் கேள்வி, நம்ம பதில்

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம் தான், அமெரிக்கா போற பயணம். நகரி, புத்தூர், சித்தூர், பலமநேர், குப்பம்னு நம்ம பக்கத்துல ரெண்டு தெருவுக்கு ஒரு வீட்ல பிள்ளையோ பொண்ணோ கலிபோர்னியால இருக்காங்க, பெத்தவங்க பிரசவத்துக்கும் பேரப்பிள்ளைய பாக்கவும் கெளம்பறாங்க. நான் 18 வருஷம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்ல உக்காந்து இந்த டிக்கெட்டுகள போட்டவ, அதனால தெரிஞ்சத தெரிஞ்ச மாதிரி சொல்றேன்.

கேள்வி: பொண்ணு சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல இருக்கா, ஜனவரில பிரசவம். டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கா. அதுல செவ்வாக்கிழமை 4 மணிக்கு சென்னைல ஏறி அதே செவ்வாக்கிழமை மத்தியானம் 1 மணிக்கு எறங்கறதா இருக்கு. 9 மணி நேரம் தானான்னு கேட்டா இல்லம்மா 22 மணி நேரத்துக்கு மேலன்றா. திரும்பி வர்றப்போ செவ்வாய் சாயந்திரம் 4 மணிக்கு ஏறினா வியாழன் விடிகாலை 3 மணிக்கு தான் எறங்கணுமாம். ஒரே ஊர், ஒரே தூரம், இதெப்படி? (வாசகி, சித்தூர்)

பதில்: உங்க பொண்ணு சொன்னது தான் சரிம்மா. டிக்கெட்ல இருக்கறதும் சரி தான், ஆனா அந்த ரெண்டு மணியும் ரெண்டு வேற வேற ஊரு கடிகாரம், ஒண்ணுலருந்து இன்னொண்ண அப்படியே கழிக்க கூடாது.

மொதல்ல தூரம். சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவுல பூமி மேல இருக்கற ரொம்ப குறுக்கு வழி சுமார் 13,900 கிலோமீட்டர். பூமியோட மொத்த சுத்தளவே 40,000 தான், அதுல பாதி 20,000, அதாவது உலகத்துல எங்கருந்து எங்க போனாலும் 20,000க்கு மேல குறுக்கு வழி கெடையாது. அப்போ உங்க பொண்ணு இருக்கற ஊரு உலகத்தோட அந்தப் பக்கம்னு வெச்சுக்கோங்க. ஆனா அந்த 13,900ல நீங்க போக மாட்டீங்க, நடுவுல ஒரு ஊர்ல எறங்கி மாறுவீங்க. துபாய் வழியா போனா சென்னை டு துபாய் 2,900, அங்கருந்து சான் பிரான்சிஸ்கோ 13,000, கூட்டினா 16,000 கிட்ட வரும். சிங்கப்பூர் வழியா போனா 2,900ம் 13,600ம் சேந்து 16,500. ஃப்ராங்க்ஃபர்ட் வழின்னா 7,600ம் 9,100ம், 16,700. பாருங்க, ஒருத்தர் மேற்க போறாரு ஒருத்தர் கெழக்க போறாரு, ரெண்டு பேரும் ஏறக்கொறைய ஒரே தூரம் போயி ஒரே ஊர்ல எறங்கறாங்க, அவ்ளோ எதிர்ப்பக்கம் அந்த ஊரு. சென்னைலருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்கொறைய சம தூரம்ன்றது எனக்கு டிக்கெட் போட ஆரம்பிச்ச புதுசுல பெரிய ஆச்சரியமா இருந்துச்சு.

பெரிய விமானம் மேல ஏறி நிதானமா பறக்கறப்போ மணிக்கு சுமாரா 900 கிலோமீட்டர் போகும். 16,000ஐ 900ஆல வகுத்தா கிட்டத்தட்ட 18 மணி நேரம், நடுவுல மாறறதுக்கு 3, 4 மணி நேரம், ஆச்சா, 22 மணி நேரம் கிட்ட.

இப்போ கடிகாரத்துக்கு வருவோம். பூமி 24 மணி நேரத்துல 360 டிகிரி சுத்துது, அப்போ ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். நம்ம இந்திய நேரம் உத்தரப்பிரதேசத்துல மிர்சாபூர் பக்கமா போற எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகை கோட்ட வெச்சு எடுத்தது. சித்தூர் 79 டிகிரில இருக்கு, அதனால கடிகாரம் 12 அடிச்சு சராசரியா 13, 14 நிமிஷம் கழிச்சு தான் சூரியன் நம்ம உச்சிக்கு வருது. இந்த சின்ன வித்தியாசத்துக்கே ஒரு காலத்துல தனி நேரம் இருந்துச்சு, 1906ல இந்த இந்திய நேரம் வர்றதுக்கு முன்னாடி ரயிலெல்லாம் மெட்ராஸ் டைம்ல தான் ஓடுச்சு, அது இப்போ இருக்கற நேரத்துக்கு 9 நிமிஷம் பின்னாடி. நமக்கும் மிர்சாபூருக்குமே இவ்ளோன்னா பாதி உலகம் தள்ளி இருக்கற ஊருக்கு எவ்ளோ இருக்கும்? ஜனவரில சான் பிரான்சிஸ்கோ நமக்கு பதிமூணரை மணி நேரம் பின்னாடி.

அதனால கணக்கு இப்படி போடுங்க. அங்க நேரத்துல பகல் ராத்திரிய மாத்திட்டு ஒண்ணரை மணி நேரம் கூட்டுங்க. நீங்க எறங்கறது அங்க செவ்வாய் மத்தியானம் 1 மணி, அத திருப்பினா ராத்திரி 1 மணி, ஒண்ணரை கூட்டினா இரண்டரை, அதாவது நம்ம ஊர்ல புதன் விடிகாலை 2.30. செவ்வாய் விடிகாலை 4லருந்து புதன் விடிகாலை 2.30 வரைக்கும் எண்ணுங்க, இருபத்திரெண்டரை மணி நேரம். திரும்பி வர்றப்போ அங்க செவ்வாய் சாயந்திரம் 4 மணின்னா நமக்கு புதன் விடிகாலை 5.30, எறங்கறது வியாழன் விடிகாலை 3, அது இருபத்தொண்ணரை மணி நேரம். போறதும் வர்றதும் ஏறக்கொறைய ஒண்ணு தான், கடிகாரம் தான் ஒரு தடவை நேரத்த குடுக்குது, ஒரு தடவை எடுத்துக்குது. மார்ச் ரெண்டாவது ஞாயிறுலருந்து நவம்பர் மொத ஞாயிறு வரைக்கும் அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுக்குவாங்க, அப்போ ஒண்ணரைக்கு பதில் அரை மணி நேரம் கூட்டினா போதும்.

இந்த குழப்பம் புதுசில்ல. 1522ல மெகல்லனோட கப்பல் விக்டோரியா உலகத்த மேற்குப் பக்கமாவே சுத்திட்டு கேப் வெர்டே தீவுல வந்து நின்னப்போ கப்பல்ல இருந்தவங்க கணக்குப்படி புதன்கெழமை, கரைல இருந்தவங்க வியாழக்கெழமைன்னாங்க. கப்பல்லயே இருந்து ஒரு நாள் விடாம டைரி எழுதி வெச்ச பிகாஃபெட்டான்றவருக்கு அது மொதல்ல புரியவே இல்ல.

இதெல்லாத்த விட முக்கியமான ஒண்ணு இருக்கும்மா. செவ்வாக்கிழமை 4 மணின்றது விடிகாலை 4. அப்போ நீங்க வீட்ட விட்டு கெளம்பறது திங்கக்கெழமை சாயந்திரம். ஒரு தடவை என்கிட்ட டிக்கெட் வாங்கின ஒரு பெரியவர், 15ம் தேதி ராத்திரி 1.10 விமானம், 15ம் தேதி சாப்பிட்டுட்டு பொட்டிய தூக்கிக்கினு ஏர்போர்ட் போய் நின்னாரு, விமானம் அதுக்கு முந்தின ராத்திரியே போயிடுச்சு. நான் டிக்கெட்ட குடுத்தேன், தேதிய வாயால சொல்லல, அந்த தப்பு என்னுது. அன்னைலருந்து யாருக்கு குடுத்தாலும் "14ம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்ட விட்டு கெளம்புங்க"ன்னு டிக்கெட் மேலயே தமிழ்லயோ தெலுங்குலயோ எழுதிக் குடுத்தேன். உங்க பொண்ணையும் அப்படி ஒரு வரி அனுப்ப சொல்லுங்க.

கேள்வி: பூமி மேற்குலருந்து கெழக்க சுத்துது. அப்போ விமானம் மேல எழும்பி சும்மா நின்னாலே அமெரிக்கா தானா கீழ வந்துடாதா? இன்னொண்ணு, மேப்புல பாத்தா விமானம் வட துருவம் பக்கம் வளைஞ்சு போற மாதிரி காட்டுது, நேரா போனா கிட்ட தானே? (பிளஸ் டூ மாணவன், குப்பம்)

பதில்: தம்பி, நல்ல கேள்வி, வெக்கப்படாம கேட்டதுக்கே சந்தோஷம். குப்பத்துல பெங்களூர் ரயில் ஏறி உக்காந்து ஒரு எலுமிச்சம்பழத்த மேல தூக்கிப் போடு. ரயில் 100 கிலோமீட்டர் வேகத்துல ஓடினாலும் பழம் உன் கைல தான் விழும், பின்னாடி பெட்டிக்கு போகாது, ஏன்னா பழமும் பெட்டிக்குள்ள இருக்கற காத்தும் ரயிலோடயே ஓடுது. பூமியும் அப்படி தான், பூமத்திய ரேகைல மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, மேல இருக்கற காத்தும் கூடவே சுத்துது, நீயும் நானும் ரன்வேல நிக்கற விமானமும் ஏற்கனவே அந்த வேகத்துல தான் இருக்கோம். மேல எழும்பினதால அது போயிடாது.

ஆனா காத்துல ஒரு விஷயம் நெஜமாவே இருக்கு. 9லருந்து 12 கிலோமீட்டர் ஒசரத்துல, விமானம் பறக்கற அதே மட்டத்துல, மேற்குலருந்து கெழக்க ஒரு ஆறு மாதிரி காத்து ஓடுது, ஜெட் ஸ்ட்ரீம்னு பேரு. குளிர் காலத்துல சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதுக்குள்ள பூந்து கெழக்க போற விமானத்துக்கு பின்னாலருந்து தள்ளி விட்ட மாதிரி, எதுக்க வர்றதுக்கு மார்ல கைய வெச்சு நிறுத்தின மாதிரி. அதனால தான் சிங்கப்பூர்லருந்து சான் பிரான்சிஸ்கோ போறத விட அங்கருந்து சிங்கப்பூர் வர்றதுக்கு ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் கூட ஆகுது, தூரம் ஒரு கிலோமீட்டர் கூட மாறல.

மேப் விஷயத்துக்கு உங்க ஸ்கூல்ல இருக்கற உருண்டை குளோப எடுத்துக்கோ. ஒரு நூல பெங்களூர்ல ஒரு முனை, சான் பிரான்சிஸ்கோல ஒரு முனை வெச்சு இறுக்கி இழு. நூல் தானா வடக்க ஏறும், திபெத், மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடல் ஓரம், அலாஸ்கான்னு போய் கீழ எறங்கும். அது தான் நேர் வழி. சுவத்துல மாட்டற மேப் பலதும் 1569ல மெர்கேட்டர் கண்டுபிடிச்ச முறைல வரைஞ்சது, உருண்டைய தட்டையாக்க வடக்கயும் தெற்கயும் இழுத்து நீட்டிட்டாங்க, அதுல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு தெரியும், நெஜத்துல ஆப்பிரிக்கா அத விட 14 மடங்கு பெருசு. அப்படி இழுத்த மேப்புல நேர்கோடு வளைவா தெரியுது, அவ்ளோ தான்.

இன்னொரு கேள்வி நீயே கேப்பன்னு தெரியும், அப்போ விமானம் அந்த நூல் மேலயே போகுதான்னு. போகாது. திபெத் பீடபூமி சராசரியா 4,500 மீட்டர் ஒசரம். நடு வானத்துல விமானத்துக்குள்ள காத்தழுத்தம் போயிட்டா பைலட் சட்டுனு 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு எறக்கணும், அங்க தான் மாஸ்க் இல்லாம மூச்சு விட முடியும். திபெத் மேல 3,000 மீட்டர்னா மலைக்குள்ள. பயணிங்க தலைக்கு மேல இருக்கற ஆக்சிஜன் சுமார் 15 நிமிஷம் தான் வரும், அதனால சுத்திப் போறாங்க. அப்புறம் நாட்டுங்க சண்டை. 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடிப்போச்சு. 2019 பிப்ரவரி கடைசிலருந்து ஜூலை நடுவுல வரைக்கும் பாகிஸ்தான் வானம் மூடி இருந்துச்சு, 2025 ஏப்ரல்ல நம்ம விமானங்களுக்கு மறுபடி மூடினாங்க. நூல் அங்கயே தான் இருக்கு, பாதை மட்டும் நீளுது, எரிபொருள் செலவும் டிக்கெட் விலையும் அதோட ஏறுது.

கேள்வி: பெங்களூர்லருந்து எங்கயும் நிக்காம சான் பிரான்சிஸ்கோ போக முடியும்னு சொல்றாங்களே, நெஜமா? (வாசகர், பலமநேர்)

பதில்: நெஜம் தான். 2021 ஜனவரி 9ம் தேதி ராத்திரி ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோலருந்து கெளம்பி வட துருவம் பக்கமா பறந்து 11ம் தேதி விடியறதுக்கு முன்னாடி பெங்களூர்ல எறங்குச்சு, தேதிய பாத்தா ரெண்டு நாள், பறந்தது சுமார் 17 மணி நேரம். காக்பிட்ல அத்தன பேரும் பொம்பளைங்க, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமைல, அதுல தன்மயின்னு நம்ம தெலுங்கு பொண்ணும் ஒருத்தி. அந்த செய்தி வந்த அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு ஊருக்கும் நேர் தூரம் 14,000 கிலோமீட்டர் கிட்ட. உலகத்துலயே நீளமான பயணிகள் விமானம் சிங்கப்பூர் டு நியூயார்க், 15,300 சொச்சம், 18 மணி நேரத்துக்கு மேல. இந்த மாதிரி நேர் விமானங்கள கம்பெனிங்க அப்பப்போ நிறுத்துவாங்க, மறுபடி விடுவாங்க, அதனால நீங்க போற மாசத்துல ஓடுதான்னு டிக்கெட் போடறவங்கள கேட்டுட்டு திட்டம் போடுங்க. உங்க ஊர்லருந்து முளபாகல், கோலார், ஹோஸ்கோட்டை வழியா பெங்களூர் டவுனுக்குள்ள போகாமயே தேவனஹள்ளி ஏர்போர்ட்ட புடிச்சுடலாம்.

கேள்வி: சென்னை டு சான் பிரான்சிஸ்கோ ஒரு இடத்துல 13,900ன்றாங்க, ஒரு இடத்துல 8,600, இன்னொரு இடத்துல 7,500. எத நம்பறது? (வாசகர், திருத்தணி)

பதில்: மூணும் ஒண்ணு தான் ஐயா. மொதல்து கிலோமீட்டர், ரெண்டாவது மைல், மூணாவது கப்பல்காரங்களும் பைலட்டுங்களும் சொல்ற கடல் மைல். சாதா மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852.

கேள்வி: அம்மா அப்பாவ கூப்பிடணும், ரெண்டு பேருக்கும் 70 வயசாவுது, இங்கிலீஷ் வராது. 22 மணி நேர டிக்கெட் ஒண்ணு, 34 மணி நேர டிக்கெட் ஒண்ணு, ரெண்டாவது ஆளுக்கு 15 ஆயிரம் கம்மி. தூரம் ஒண்ணு தானே, கம்மில போடலாமா? (நகரி விசைத்தறிக்காரர் மகன், இப்போ சான் ஹோசே)

பதில்: போடாதீங்க தம்பி. நான் கையெடுத்து கேக்கறேன், போடாதீங்க. நீங்க பாக்கறது ஸ்க்ரீன்ல ரெண்டு நம்பர். அவங்களுக்கு அந்த 12 மணி நேரம் எப்படி போவும்னு நான் கேட்டு கேட்டு தெரிஞ்சவ. பெரிய ஏர்போர்ட்ல நடு ராத்திரி எறங்குவாங்க, அடுத்த விமானம் மறுநாள் மத்தியானம், எங்க படுக்கறதுன்னு தெரியாது, தூங்கிட்டா விமானம் போயிடும்னு பயம், பொட்டி மேல கைய வெச்சுக்கினே உக்காந்திருப்பாங்க, ஒரு காபி வாங்க கூட எந்த காசுன்னு தெரியாம தண்ணிய குடிச்சுட்டு இருப்பாங்க. திரும்பி வந்து யாரும் பிள்ளைங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, "நல்லா இருந்துச்சுப்பா"ன்னு தான் சொல்வாங்க. என்கிட்ட சொல்வாங்க.

அதுவும் இல்லாம நீங்க 22, 34ன்னு எண்றது சென்னை ஏர்போர்ட்லருந்து. அவங்களுக்கு நகரில வாசப்படிய தாண்டினப்போவே பயணம் ஆரம்பிச்சுடுது. சென்னை ஏர்போர்ட்டுக்கு கார்ல 3 மணி நேரம் வைங்க, அங்க 3 மணி நேரம் முன்னாடி இருக்கணும், அந்தப் பக்கம் எறங்கி இமிக்ரேஷன் வரிசை ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ, அப்புறம் உங்க வீடு. 22ன்றது 30 ஆயிடும், 34ன்றது 42 ஆயிடும், 70 வயசு ஒடம்பு 42 மணி நேரம் உக்காந்தே இருக்கறத யோசிச்சு பாருங்க.

நான் போடறதா இருந்தா இப்படி போடுவேன். ஒரே ஒரு எடத்துல மாறற மாதிரி, நடுவுல 3 மணி நேரம் அதிகபட்சம் 4. அமெரிக்காவுக்குள்ள இன்னொரு தடவை மாறற டிக்கெட் வேணவே வேணாம், ஏன்னா அமெரிக்கால மொதல்ல எறங்கற ஊர்லயே பொட்டிய எடுத்து கஸ்டம்ஸ் முடிச்சு மறுபடி போடணும். முழு பயணமும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கணும், மொத விமானம் லேட்டாயி ரெண்டாவது தவறினா அடுத்ததுல ஏத்தி விடறது அப்போ தான் விமான கம்பெனி பொறுப்பு, தனித்தனி டிக்கெட்னா உங்க பொறுப்பு. ரெண்டு பேருக்கும் வீல் சேர் கேட்டுடுங்க, நடக்க முடிஞ்சாலும் கேளுங்க, பெரும்பாலும் காசு கெடையாது, மாறற எடத்துல ஒரு ஆள் கூடவே வந்து கேட் வரைக்கும் விடுவாரு, மொழி தெரியாதவங்களுக்கு அது தான் கை விளக்கு. அபுதாபி வழியா சில விமானங்கள்ல அமெரிக்க இமிக்ரேஷன அங்கயே முடிச்சு அனுப்பறாங்க, அமெரிக்காவுக்குள்ள மாறாம உங்க பக்கம் வர்ற மாதிரி அது கெடைச்சா இன்னும் நல்லது, எறங்கினதும் உள்ளூர் விமானத்துல வந்த மாதிரி வெளிய வந்துடலாம். அந்த 30 ஆயிரத்த வேற எதுலயாவது மிச்சம் புடிங்க.

கேள்வி: சுகர் ஊசி, பிபி மாத்திரை எல்லாம் எந்த ஊரு நேரத்துக்கு போடறது? (வாசகி, சத்தியவேடு)

பதில்: ஊசி அளவும் நேரமும் உங்க டாக்டர் தான் சொல்லணும், கெளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே டிக்கெட்டோட போய் காட்டுங்க, எத்தன மணி நேர வித்தியாசம்னு அவருக்கு தெரிஞ்சா தான் எழுதிக் குடுக்க முடியும். நான் சொல்றது ரெண்டே ரெண்டு. இன்சுலின கைப்பைலயே வைங்க, கீழ போற பொட்டில வெச்சா உறைஞ்சு கெட்டுப் போகலாம், டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். இன்னொண்ணு, விமானத்துக்குள்ள இருக்கற காத்து 6,000லருந்து 8,000 அடி ஒசரத்துல இருக்கற மாதிரி, ஊட்டில உக்காந்திருக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஆனா ரொம்ப வறண்ட காத்து, அதனால தண்ணி குடிச்சுக்கினே இருங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்க, ஒரே மாதிரி உக்காந்தா கால்ல ரத்தம் உறைய வாய்ப்பிருக்கு. பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்கறவங்க தான் அதிகம், தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க.

கேள்வி: கறிவேப்பிலையும் கோங்குரா ஊறுகாயும் எடுத்துக்கினு போலாமா? (வாசகி, புத்தூர்)

பதில்: ஊறுகாய கீழ போற பொட்டில நல்லா கட்டி வைங்க, கைப்பைல 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க, எறங்கினதும் கஸ்டம்ஸ்ல சாப்பாட்டு சாமான் இருக்குன்னு சொல்லிடுங்க. பச்ச கறிவேப்பிலை வேணாம், எலுமிச்சை ஆரஞ்சு மரத்துக்கு வர்ற நோய பரப்பற பூச்சி அதுல இருக்கும்னு தடை பண்ணியிருக்காங்க, புடுங்கிப் போட்டுடுவாங்க.

கேள்வி: பேத்திகிட்ட எப்ப போன் பண்ணாலும் தூங்கறான்றாங்க, இல்லன்னா ஸ்கூல்ன்றாங்க. எனக்கு கணக்கெல்லாம் வராது, ஒரே ஒரு நேரம் சொல்லும்மா. (தாத்தா, வெங்கடகிரிகோட்டா)

பதில்: தாத்தா, ஞாயித்துக்கெழமை காலைல 7 மணி. வெயில் காலத்துல அங்க சனிக்கெழமை சாயந்திரம் 6.30, குளிர் காலத்துல 5.30. ரெண்டுலயும் ஸ்கூல் கெடையாது, தூங்கற நேரமும் கெடையாது. எழுந்து பல்ல வெளக்கி காபி குடிச்சுட்டு கூப்பிடுங்க, வீட்ல தான் இருப்பா.